ராகவன் மாஷுக்கு வேறொரு குரல்

போன வாரம் சாலை என்று நாங்கள் சொல்கிற கடைத்தெருவுக்குத் திரைச்சீலை வளையம் வாங்கப் போயிருந்தேன். வளையக் கடைக்குப் பக்கத்துக் கடையில் நாடகச் சாமான் விற்கிறார்கள். சடை, தாடி, அட்டைக் கிரீடம், முகத்தில் பூசுகிற பேன்கேக் டப்பா எல்லாம் கிடைக்கும். ஒரு அம்மா மகளைக் கையில் பிடித்துக்கொண்டு, அவளுடைய மாறுவேடப் போட்டிக்கு நிறம் வாங்க நின்றிருந்தார். பள்ளியில் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு மாநிலம் கொடுத்திருக்கிறார்களாம்.

"குட்டிக்கு தமிழ்நாடாணு கிட்டியது," என்றார் அந்த அம்மா.

"தமிழ்நாடா? அப்போ ரெண்டு ஷேடு கூட்டி எடுங்க சேச்சி," என்று கடைக்காரர் ஒரு கரும்பழுப்பு டப்பாவைத் திறந்து காட்டினார். கடைக்காரரின் பூர்வீகம் திருநெல்வேலி. அந்தக் குழந்தையைவிட நல்ல சிவப்பு அவர். இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை. எனக்கும் வரவில்லை, ஏனென்றால் அதற்குள் டப்பாவின் வாசனை வந்துவிட்டது. மெழுகும் முகப்பவுடரும் கொஞ்சம் ஈர மண்ணும் சேர்ந்த மாதிரி ஒரு வாசனை. என் முதல் வேலையின் வாசனை அதுதான்.

எம்.ஏ. முடித்த கையோடு, சினிமாவைத் திருத்திவிடுவது என்ற முடிவோடு, தம்பானூரில் ஒரு லாட்ஜின் மாடியிலிருந்த சசி அண்ணனின் ஆபீசில் சேர்ந்தேன். படங்களுக்கும் டிவி சீரியல்களுக்கும் நடிகர்களைப் பிடித்துக் கொடுக்கிற ஆபீஸ். சசி அண்ணன் மலையாளி. இந்த ஊரில் மலையாளிகளும் மூத்தவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள், சேட்டன் எல்லாம் வடக்கே போனால்தான். என் தோளில் எப்போதும் ஒரு துணிப்பை தொங்கும். பிரதிநிதித்துவம் என்ற சொல்லை மூச்சுக்கு ஒரு தரம் சொல்வேன். சசி அண்ணன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "செரி மோளே, இப்ப கோவளத்துல போய் நாலு வெள்ளைக்காரனப் பிடிச்சிட்டு வா," என்பார்.

போவேன். வெள்ளைக்காரர் காலத்துக் கதை ஏதாவது எடுத்துக்கொண்டேயிருப்பார்கள். கடற்கரையில் வெயில் காய்கிறவர்களிடம் போய், ஒரு நாள் கலெக்டராக இருக்கிறீர்களா என்று கேட்பது என் வேலை. நான் பிடித்துக்கொண்டு வந்த பிரிட்டிஷ் கலெக்டர்களில் ஒருவர்கூட பிரிட்டிஷ்காரர் இல்லை. ரஷ்யாக்காரர் இருந்தார், போலந்துக்காரர் இருந்தார், இங்கிலீஷ் என்னைவிடத் தடுமாறுகிற ஒரு இத்தாலிக்காரச் சமையல்காரரும் இருந்தார். யாருக்கும் அது உறுத்தவில்லை. சீனாக்காரன் வேண்டுமென்றால் ஓட்டலில் வேலை பார்க்கும் மணிப்பூர்ப் பையனைக் கூப்பிடுவார்கள். அந்தப் பையன் ஒருமுறை என்னிடம், "எங்க ஊர் ஆளா எப்போக்கா நடிப்பேன்?" என்று கேட்டான். அப்படி ஒரு வேஷம் யாரும் எழுதியிருக்கவில்லை.

போனக்காடு என்ற ஊரின் தேயிலைத் தோட்டத்தில் ஒரு படம் எடுத்தார்கள். அங்கே தலைமுறைகளாகத் தமிழ்ப் பெண்கள் கொழுந்து கிள்ளுகிறார்கள். அதில் ஒருத்தியின் கதைதான் படமே. கதாநாயகி பம்பாயிலிருந்து வந்தார். காலையில் நாற்காலியில் உட்காரவைத்து, இதே டப்பாவைத் திறந்து, நெற்றியிலிருந்து முழங்கை வரை பூசினார்கள். தோட்டத்துப் பெண்கள் கூடையோடு பின்னால் நின்றார்கள், கூட்டத்துக்கு. ஒருத்தி கதாநாயகியின் கைக்குப் பக்கத்தில் தன் கையை நீட்டிப் பார்த்துவிட்டு, "ஏட்டி, இவ நம்மளவிட கருப்பால்ல இருக்கா," என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், கதாநாயகியும்தான். பாவம், அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

இதெல்லாம் சுற்றிவளைப்பு. நான் சொல்ல வந்தது அண்ணாச்சியைப் பற்றி.

அண்ணாச்சி அந்தச் சாலைக் கடைத்தெருவில் ஒரு மொத்த ஜவுளிக் கடையில் விற்பனையாளர். எங்கள் அப்பாவின் அரிசிக் கடைக்கு நாலு கடை தள்ளி. துணியை அளந்து, கத்திரியை ஒரு தடவை வைத்து, பிறகு கையாலேயே சர்ரென்று கிழிப்பார். அந்தச் சத்தத்துக்காகவே சின்ன வயதில் அங்கே போய் நிற்பேன். தாத்தா காலத்தில் நாஞ்சில் நாட்டிலிருந்து வந்த குடும்பம். அண்ணாச்சி பிறந்தது இங்கே, படித்தது மலையாளப் பள்ளிக்கூடத்தில். நான் ஆபீசில் சேர்ந்தபோது அவர் ஏற்கெனவே சீரியல் நடிகர். ஒரே வேஷம்தான், வட்டிக்காரத் தமிழன். அது இல்லாவிட்டால் லாரிக்காரத் தமிழன், அதுவும் இல்லாவிட்டால் குழந்தை கடத்துகிற தமிழன். மலையாள சீரியலில் அண்ணாச்சி என்று யாரையாவது கூப்பிட்டால் அவன் நல்லவனாக இருக்க முடியாது.

அவருக்கு ஒரு பெரிய தொல்லை இருந்தது. அவருடைய மலையாளம் ரொம்ப நன்றாக இருந்தது. முதல் சீரியலில் பேச ஆரம்பித்ததுமே நிறுத்திவிட்டார்களாம், தமிழன் இப்படியா பேசுவான் என்று.

"தப்பா பேசறதுக்குத் தனியாப் பழகினேன் மக்ளே," என்பார். "ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால கண்ணாடி முன்ன நின்னு. எம் பொஞ்சாதி எனக்கு ஏதோ ஆயிப்போச்சுன்னு நெனச்சுட்டா."

சிரித்துக்கொண்டேதான் சொல்வார். ஆனால் அவர் மகள் ரேவதி அப்போது பத்தாம் வகுப்பு. வகுப்பில் அவளைப் பாண்டி என்பார்கள். எல்லை தாண்டி வந்த தமிழர்களை இங்கே மட்டமாகச் சொல்கிற சொல் அது. அது போதாதென்று, அண்ணாச்சி குழந்தை கடத்திய வாரத்தில் பையன்கள், "உன் அச்சன் வராரு, ஓடுங்கடா," என்று வாசல்வரை ஓடிக் காட்டினார்களாம். பெற்றோர் கூட்டத்துக்கு அம்மா மட்டும் வந்தால் போதும் என்று ரேவதி சொல்லிவிட்டாள். அதை அண்ணாச்சி என்னிடம் சொன்ன அன்று சிரிக்கவில்லை. துணியை மடித்துக்கொண்டே, "அவ பாக்கற மாதிரி ஒண்ணு. ஒரே ஒண்ணு. ஒரு சாதாரண ஆளு, போதும்," என்றார்.

அந்தச் சாதாரண ஆள் மழைக்காலத்தில் வந்தார், ராகவன் மாஷ் என்ற பெயரில். சாயங்கால சீரியல் ஒன்றில் கதாநாயகியின் அப்பா, ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். இங்கே ஆசிரியரை மாஷ் என்பார்கள். நடித்துக்கொண்டிருந்தவர் சண்டை போட்டுக்கொண்டு போய்விட்டார். அவசரமாக ஆள் வேண்டும். நான் அண்ணாச்சியைச் சொன்னேன்.

"எந்தர் மோளே, உனக்கு புத்தி கெட்டுப்போச்சா?" என்றார் சசி அண்ணன். "அண்ணாச்சிக்கு ராகவன் மாஷா?"

"ஒரு ஆடிஷன் எடுக்கறதுல என்ன அண்ணா போகுது?"

ஆடிஷன் வீடியோவுக்கு ஒரு முறை உண்டு. நடிகர் முதலில் பெயரையும் ஊரையும் சொல்ல வேண்டும். பிறகு இடது பக்கம் திரும்பி, வலது பக்கம் திரும்பி, அதற்கப்புறம்தான் வசனம். நான் அண்ணாச்சியின் மீசையை எடுக்கச் சொல்லி, ஒரு வெள்ளை முண்டு கட்டச் சொல்லி, நேரே வசனத்திலிருந்து எடுத்தேன். வெளியூர் வேலைக்குக் கிளம்பும் மகளை அப்பா வாசலில் நின்று வழியனுப்புகிற காட்சி. பெரிதாக ஒன்றும் இல்லை. குடை எடுத்தாயா, போய்ச் சேர்ந்ததும் கூப்பிடு, அவ்வளவுதான். அண்ணாச்சி அதைச் சத்தமில்லாமல் சொன்னார். கேமராவுக்குப் பின்னால் நான் மூக்கை உறிஞ்சியதும் பதிவாகிவிட்டது.

இயக்குநர் ஆபீசுக்கு வந்து பார்த்தார். முடிந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்து, "இதாணு மாஷ்," என்றார். "நம்ம நாட்டுப்புறத்து மாஷே தான். யாரு இது, கொல்லம்காரனா?"

சசி அண்ணன் தொண்டையைச் செருமினார். "சாரே, அது நம்ம அண்ணாச்சியாணு. மீசை இல்ல, அதான்."

இயக்குநர் என்னைப் பார்த்தார். இன்னொரு முறை போடச் சொன்னார். போட்டேன், அதே வீடியோவை. இந்த முறை தலையைச் சாய்த்துக் காதைக் கொடுத்துக் கேட்டார். பாதியிலேயே, "இப்ப ஒரு தமிழ்ச் சுவை வருதல்லே?" என்றார்.

"சார், முதல் தடவையும் இதே வீடியோதான்," என்றேன்.

"அப்ப சிரத்திக்கல," என்றார். கவனிக்கவில்லையாம். பொய் சொல்லவில்லை அவர். பெயர் தெரிந்த பிறகு அவருக்கு உண்மையிலேயே அப்படித்தான் கேட்டது. அதுதான் என்னால் இன்றைக்கும் மறக்க முடியாதது.

முகம் பிடித்திருந்தது, விட மனமில்லை. அதனால் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். சீரியல்களில் கேமராவுக்குப் பின்னால் ஒருவர் வசனத்தை உரக்கச் சொல்லிக்கொடுப்பார், நடிகர் திரும்பச் சொல்வார். குரலைப் பிற்பாடு ஸ்டூடியோவில் சேர்ப்பார்கள். தமிழன் வேஷத்துக்குத் தமிழ் வாடையோடு மலையாளம் பேச வேறு ஆள் கிடைக்காததால் இதுவரை அண்ணாச்சியே குரல் கொடுத்துவந்தார். ராகவன் மாஷுக்கு அது வேண்டாம், வழக்கமாக அப்பா வேஷங்களுக்குப் பேசுகிற குரல்காரர் பேசட்டும் என்று முடிவானது.

கடையில் போய் நான்தான் சொன்னேன். அண்ணாச்சி ஒரு துணி பேலின் மேல் உட்கார்ந்தார்.

"தப்பாப் பேசறப்போ என் சத்தம் வேணும். ஒழுங்காப் பேசினா வேண்டாம். இல்லையா மக்ளே?"

எனக்குப் பிரதிநிதித்துவம் என்ற சொல் அப்போது ஞாபகத்துக்கே வரவில்லை. "வேண்டாம்னு சொல்லிரலாம் அண்ணாச்சி," என்றேன்.

"வேண்டாம்னா, அடுத்த வாரம் திரும்பவும் பிள்ளை பிடிக்கணும்," என்றார். "முகமாவது டிவிக்குப் போவட்டும்."

முதல் நாள் ஒளிபரப்புக்கு அவர் வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் சந்தில் வீடு. மதினி ஏத்தங்காய் பஜ்ஜி போட்டிருந்தார். அண்ணாச்சியின் மனைவியை நான் மதினி என்றுதான் கூப்பிடுவேன். ரேவதி கணக்குப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, டிவியைப் பார்க்காத மாதிரி சுவரில் சாய்ந்திருந்தாள். அண்ணாச்சி சட்டையை மாற்றிக்கொண்டு, ஏதோ விருந்தாளி மாதிரி நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

திரையில் வீட்டு வாசல், மழை. வெள்ளை முண்டில் ராகவன் மாஷ். ரேவதி புத்தகத்தை மூடினாள். அவள் முகத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மாஷ் வாயைத் திறந்தார். கோயில் ஒலிபெருக்கியில் அறிவிப்புச் செய்கிற மாதிரி ஒரு கட்டைக் குரல் வந்தது.

"யாரு இது, தொண்டை கட்டினாப்ல?" என்று மதினி சிரிக்க ஆரம்பித்து, அண்ணாச்சியைப் பார்த்ததும் நிறுத்தினார். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டில் குரல் விஷயத்தை அவர் சொல்லவே இல்லை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"அக்கா, அந்த ரிமோட்டைத் தாங்க," என்றாள் ரேவதி. வாங்கி, சத்தத்தை முழுக்க அணைத்தாள். வெளியே சந்தில் ஒரு ஆட்டோ திரும்புகிற சத்தம் கேட்டது.

"அப்பா, நீங்க என்ன சொன்னீங்க அங்க?"

"எங்க?"

"அதுல. வாய் அசையுதுல்ல, அதுக்கு."

"அது பின்னால இருந்து ஒருத்தன் சொல்லித் தருவான் மக்ளே, அதையே நாம—"

"சொல்லுங்கப்பா."

அண்ணாச்சி திரையைப் பார்த்தார். முதல் வரியைத் தவறவிட்டார். இரண்டாவதில் கொஞ்சம் பின்தங்கினார். அப்புறம் பிடித்துக்கொண்டார். திரையில் வாய் அசைந்தது, நாற்காலியில் வாய் அசைந்தது, இரண்டும் ஒன்றாகப் போயின. "குட எடுத்தோ? எத்தியா உடனே விளிக்கணும், கேட்டோ." ரொம்ப மெதுவான குரல், ஆடிஷனில் நான் கேட்ட அதே குரல். ரேவதி அப்பாவைப் பார்க்கவில்லை, திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். விளம்பரம் வந்ததும், "பஜ்ஜி ஆறிப்போச்சும்மா," என்றாள். அந்த மாதப் பெற்றோர் கூட்டத்துக்கு அண்ணாச்சி கடையில் விடுப்புச் சொல்லிவிட்டுப் போனார்.

ராகவன் மாஷ் அதிக நாள் இருக்கவில்லை. கதையில் ஒரு அழுகை தேவைப்பட்டதால் மாரடைப்பில் போய்விட்டார். மாலை போட்ட அவர் படத்தைச் செட்டின் சுவரில் மாட்டி, கதாநாயகி அதைப் பார்த்து மாதக்கணக்கில் அழுதாள். அண்ணாச்சி மீசை வளர்த்துக்கொண்டு வட்டி வாங்கப் போனார், சொந்தக் குரலில். நான் சினிமாவைத் திருத்தாமலே வேறு வேலைக்குப் போனேன்.

லாட்ஜை இடித்துவிட்டார்கள். சசி அண்ணன் மகனோடு துபாயில் இருக்கிறார். இப்போது ஆடிஷன் எல்லாம் போனிலேயே எடுத்து அனுப்புகிறார்கள். வசனத்துக்கு முன்னால் பெயர் சொல்லும் முறை மட்டும் மாறவில்லை. எங்கள் காலத்தில் கேமராக் கார்டை அழித்து அழித்து அதிலேயே அடுத்த ஆளை எடுப்போம், யாருமே எதையும் எடுத்துவைத்ததில்லை, அண்ணாச்சியின் ஆடிஷனைக்கூட. அண்ணாச்சி தொற்றுநோய்க் காலத்தில், ஆஸ்பத்திரிக்குள் யாரையும் விடாத நாட்களில், போய்விட்டார்.

ரேவதி இப்போது கழக்கூட்டத்தில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். வளையம் வாங்கிவிட்டு வந்த அன்று நானே அவளைப் போனில் கூப்பிட்டேன். பேச்சு தானாக அப்பாவிடம் போனது. இணையத்தில் தேடிப் பார்த்திருக்கிறாள். ராகவன் மாஷ் வந்த பகுதிகள் எல்லாம் கிடைக்கின்றன, அந்தக் கட்டைக் குரலோடு. அப்பாவின் சொந்தக் குரலும் கிடைக்கிறது. தப்புத் தப்பான மலையாளத்தில் யாரையோ மிரட்டுகிறது, யார் குழந்தையையோ வண்டியில் ஏற்றச் சொல்கிறது. வீட்டில் பேசினதை யாரும் பதிந்துவைக்கவில்லை.

"அன்னைக்கு சீரியலுக்கு அப்பா பேசினாங்கல்ல அக்கா, உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"எனக்கும் இருக்கு. ஒவ்வொரு வார்த்தையும் இருக்கு," என்றாள். "ஆனா இப்ப நெனச்சா, அந்த மத்த ஆளோட சத்தத்துலதான் வருது."