ராத்தா வீட்டுக் கஞ்சி

இந்த மாதக் கிளினிக்கில் என் மகனின் நிறை ஏறியிருந்தது.

ஏறினால் சந்தோஷப்பட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் நான் தராசுக்குப் பக்கத்தில் நின்று வயிறெரிந்துகொண்டிருந்தேன்.

"ரீச்சர், என்ன குடுத்தனீங்கள்? எத்தினை மாதமா அசையாமல் நிண்ட பிள்ளை, இப்ப வடிவா ஏறியிருக்கிறார்!" என்றா குடும்பநல மிஸ். அதோடு விட்டாவா? வரிசையில் நின்ற தாய்மார் பக்கம் திரும்பி, "ரீச்சரிட்டக் கேளுங்கோ, அவா சொல்லுவா" என்று வேறு...

எல்லாக் கண்ணும் என்மேல். நானும் வாய் திறந்தேன். முருங்கையிலை, முட்டை, பாசிப்பயறு, முள் எடுத்த மீன்... ஒரு சின்னத் தாய் மிகக் கவனமாகத் தலையாட்டினாள். நான் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அவ்வளவும் நான் சமைத்தவைதான். அவன் சாப்பிடவில்லை, அவ்வளவுதான்.

அவன் சாப்பிட்டது பக்கத்து வீட்டில்.

பக்கத்து வீடென்றால் நஸீமா ராத்தா வீடு. முஸ்லிம் பேச்சில் ராத்தா என்றால் அக்கா. சண்டைக் காலத்தில் இடம்பெயர்ந்து போன புத்தளத்தில் இருந்து திரும்பி வந்து, எங்கள் வேலிக்கு அங்கால் வீடு கட்டிக் குடியிருக்கும் குடும்பம். கணவருக்குச் சந்தியில் பலசரக்குக் கடை, இரண்டு பெண் பிள்ளைகள். ராத்தா நல்ல மனிசி. அதுதான் பெரிய கஷ்டம் — நல்ல மனிசியில் பொறாமைப்படுவது லேசான வேலையா? கூடாதவளென்றால் வேலியடியில் ஒரு சண்டையோடு ஆறிவிடலாம்.

என் மகன் அகரனுக்கு மூன்று வயது. அவனுக்கு முதன்முதலாகச் சோறு மசித்துக் கொடுத்த நாளில் இருந்து நான் படாத பாடில்லை. படிப்பிக்கிறவள் அல்லவா, எல்லாவற்றையும் வாசித்து வைத்திருந்தேன். எதில் இரும்புச்சத்து, எதில் புரதம், எதை எதோடு சேர்த்துக் கொடுத்தால் உடம்பில் ஒட்டும்... கேட்டால் கட்டுரையே எழுதித் தருவேன். அவன்தான் எதையும் வாசிக்கவில்லை.

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு நேரத்தை நீங்கள் பார்க்க வேண்டும். போனில் கார்ட்டூன் ஓடும். அவன் அதைப் பார்த்து வாயைப் பிளக்கிற நொடியில் கரண்டி உள்ளே போய்விட வேண்டும். போனது விழுங்கப்படும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. கன்னத்தில் அடக்கிக்கொண்டு ஓடுவான். முற்றத்தைச் சுற்றி ஓடி, கராஜுக்குள் புகுந்து, உழவு இயந்திரத்தின் சில்லுக்குப் பின்னால் ஒளிப்பான். கராஜ் என் கணவருடையது. வீட்டு முன்னாலேயே வைத்திருக்கிறார். நான் நெடுங்கேணியில் பள்ளிக்கூடம் முடிந்து பஸ் பிடித்து வருமட்டும் மகன் அவர் காவலில்தான்.

இப்படி இருக்கையில்தான் நோன்பு மாதம் வந்தது.

ஒருநாள் பொழுதுபடுகிற நேரம். நான் கிண்ணமும் கையுமாக ஒழுங்கையில் மகனைத் தேடுகிறேன். ராத்தா வீட்டுப் படலையைத் தள்ளிக்கொண்டு வந்தான். நாடியெல்லாம் கஞ்சி.

"அம்மா, நான் சாப்பிட்டனான்."

"எங்க?"

"ராத்தா வீட்டில. ரெண்டு தரம் வாங்கினனான்."

இரண்டு தரம்! என் கையால் அவன் இரண்டாம் தரம் கேட்டு வாங்கிய சாப்பாடு ஒன்று உண்டா? நினைத்து நினைத்துப் பார்த்தேன். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

அதன் பிறகு நாள் தவறாமல் அதே கதைதான். பின்னேரம் ராத்தாவின் பிள்ளைகளோடு விளையாட்டு, இருட்டுகிற நேரம் அவர்கள் வீட்டில் கஞ்சி, ஏப்பத்தோடு வீடு திரும்பல். நான் வைத்த புட்டும் முட்டையும் குசினியில் ஆறிக் கிடக்கும். ஒருநாள் போகக்கூடாது என்று மறித்தேன். அவன் நிலத்தில் புரண்டு அழுதான். விட்டுவிட்டேன்.

வெட்கத்தை விட்டு ராத்தாவிடமே கேட்டேன். "கஞ்சிக்கு என்னவெல்லாம் போடுறனீங்கள்?"

ஒளிக்காமல் சொன்னா. அரிசி, பயறு, கொஞ்சம் கோழி இறைச்சி, இஞ்சி, உள்ளி, ரம்பை, கடைசியில் தேங்காய்ப்பால். அவா கணவரின் கடையிலேயே சாமான் வாங்கினேன். சொன்ன ஒழுங்கில் காய்ச்சினேன். நானே குடித்துப் பார்த்தேன், ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. அகரன் ஒரு வாய் வைத்தான். "இது ராத்தா கஞ்சி இல்லை" என்று கரண்டியைத் தள்ளிவிட்டான்.

மனம் எங்கே போகும் சொல்லுங்கள்? ஏதோ ஒன்றை அவா சொல்லாமல் விட்டிருக்கிறா! அப்படித்தான் நினைத்தேன். நல்ல மனிசி என்று மேலே எழுதியவளும் நான்தான்.

கிளினிக்கில் எனக்குப் பாராட்டுக் கிடைத்த அன்று இதற்கெல்லாம் ஒரு முடிவு காண்பது என்று வெளிக்கிட்டேன். ராத்தா கஞ்சி கொடுத்தனுப்பிய தூக்குச்சட்டி ஒன்று எங்கள் வீட்டில் நின்றது. வெறும் சட்டியைத் திருப்பிக் கொடுக்கிற வழக்கம் இல்லையே... உள்ளே நாலு வாழைப்பழத்தை வைத்தேன். போக ஒரு சாட்டுக் கிடைத்துவிட்டது. சரியாக நோன்பு திறக்கிற நேரம் பார்த்துப் படலையைத் திறந்தேன்.

உள்ளே சத்தமே இல்லை.

விறாந்தையில் பாய் விரித்திருந்தது. ராத்தா, கணவர், இரண்டு பிள்ளைகள். எல்லோருக்கும் முன்னால் கஞ்சிக் கோப்பை, பேரீச்சம்பழம். யாரும் தொடவில்லை. நடுவில் சம்மாணம் கட்டிக்கொண்டு என் மகன்! இரண்டு கையையும் மடியில் வைத்து, தன் கோப்பையை வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தான். எங்கள் வீட்டில் அரை நிமிடம் ஓர் இடத்தில் இருக்காத பிள்ளை. என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் பாங்கு சொன்னது.

அவ்வளவுதான். எல்லாக் கையும் ஒன்றாக எழும்பியது. அகரன் கரண்டியைத் தானே எடுத்தான். பாதி வாய்க்குள், பாதி பாயில். யாரும் துடைக்கவில்லை. "இன்னொரு வாய் ராசா" என்று யாரும் கெஞ்சவில்லை. கோப்பை வெறுமையானதும், "ராத்தா, இன்னும்" என்று நீட்டினான். நான் வாழைப்பழச் சட்டியோடு படியில் நின்றேன். எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. என் பிள்ளை நான் இல்லாமல் இவ்வளவு அழகாகச் சாப்பிடுகிறானே என்ற கோபம்தான், வேறென்ன?

"இருங்க ரீச்சர், நீங்களும் ஒரு வாய் குடிச்சிட்டுப் போங்க" என்றா ராத்தா.

பாயின் ஓரத்தில் இருந்தேன். கேட்காமல் இருக்க முடியவில்லை. "எப்பிடி ராத்தா இவனைச் சாப்பிட வைக்கிறீங்கள்?"

அவா உண்மையிலேயே திகைத்துப் போனா. "நானா? நான் இவரைப் பாக்கிறதே இல்லை ரீச்சர். அந்த நேரம் எங்கட பசி எங்களுக்கு!"

கணவர் சிரித்தார், பிள்ளைகள் சிரித்தார்கள், அகரனும் சேர்ந்து சிரித்தான்.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். அவா சொல்லாமல் விட்ட சாமான் அதுதான், பசி. வேண்டுமென்று ஒளிக்கவில்லை, அது ஒரு சாமான் என்று அவாவுக்கே தெரியாது. பின்னேரம் முழுக்க ஓடி விளையாடிவிட்டு வருகிற பிள்ளைக்கு அந்த வீட்டில் பாங்கு சொல்லுமட்டும் ஒன்றும் கிடைக்காது. நோன்பு வீடு, யார் என்ன கொடுப்பது? எங்கள் வீட்டில் என்ன நடக்கிறது? அழுதால் அப்பா கராஜில் வைத்து விசுக்கோத்துக் கொடுப்பார். அழாவிட்டாலும் கொடுப்பார். நான் வந்ததும் ஒரு பால், பிறகு ஒரு பழம், இடையில் இரண்டு வாய் ஏதாவது. சத்துகளை எல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்துச் சேர்த்த நான், பசிப்பதற்கு மட்டும் அவனுக்கு நேரம் வைக்கவில்லை. நாங்கள் அவனோடு சேர்ந்திருந்து சாப்பிட்டதும் இல்லை. அவன் எப்போதும் தனியாக மாட்டிக்கொண்டவன், நான் கரண்டியோடு துரத்துகிறவள்.

அன்றே கராஜுக்குப் போய் விசுக்கோத்துப் பேணியைத் தூக்கிக்கொண்டு வந்தேன். "எனக்குமோ?" என்று கேட்டார் கணவர். ஓம், உங்களுக்கும்தான்.

பெருநாள் வந்தது. ராத்தா வட்டிலப்பம் அனுப்பினா. அதோடு கஞ்சியும் முடிந்தது, என் நெஞ்சிடி தொடங்கியது. இனி அவன் என் கையால்தான் சாப்பிட வேண்டும். சாப்பிடாவிட்டால்? அடுத்த கிளினிக்கில் நிறை இறங்கினால், அந்தத் தாய்மார் முன்னால் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது?

அடுத்த நாள் பின்னேரம் போனை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். பாய் விரித்தேன். சோறு, பருப்பு, முருங்கையிலைச் சொதி, பொரித்த மீன். கணவர் கிரீஸ் போகக் கைகழுவி வந்து இருந்தார். நானும் இருந்தேன். அகரனும் ஓடிவந்து சம்மாணம் கட்டினான்.

கோப்பையைப் பார்த்தான். தொடவில்லை.

கெஞ்சக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். கடைசியில் கேட்டுவிட்டேன். "ஏன் ராசா, பசிக்கேல்லையா?"

"பசிக்குது."

"அப்ப சாப்பிடன்."

"இன்னும் பாங்கு சொல்லேல்லை அம்மா."

நானும் கணவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். பிறகு நாங்களும் கையை மடியில் வைத்தோம். மீன் ஆறியது. "எப்ப சொல்லுவினம்? எனக்கும் பசிக்குது" என்று கணவர் முணுமுணுத்தார். கொஞ்ச நேரத்தில் பாங்கு கேட்டது. அகரன் சோற்றில் கை வைத்தான். சாப்பிட்டு முடித்து, கோப்பையை என் பக்கம் நீட்டினான்.

"அம்மா, இன்னும்."

ராத்தா மேல் இப்போது எனக்குப் பொறாமை இல்லை. ஒலிபெருக்கி மேல்தான்!