அரிசிக்கு வெளிச்சம் விட்ட தண்டவாளம்

ராயபுரத்தில் பிலோமினா அக்காவின் அரிசிக்கடையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார் கட்டட முதலாளி. ஆளே வராத கடையைக் கிடங்காக்கிவிடலாம் என்பது அவர் எண்ணம். அக்காவுக்கோ அதை விட்டால் வேறு பிழைப்பு இல்லை. அந்தக் கட்டடத்துக்கு நான்தான் ஓவர்சீயர்.

ரேஷன் காலத்தில்தான் கடைக்கு முன்சுவர் எழுப்பி ஒரு ஜன்னல் வைத்தோம். கியூவில் வருகிறவர்கள் அட்டையையும் பையையும் நீட்ட அது போதும். பிறகு அந்தச் சுவரின்மேல் மாடியும் ஏறியது. அரசாங்கம் அரிசிக் கன்ட்ரோலை எடுத்ததும் ஜனங்களுக்குப் பழைய மிடுக்கு திரும்பிவிட்டது. அரிசியை அள்ளிப் பார்க்க வேண்டும், கடித்துப் பழசா புதுசா என்று சொல்ல வேண்டும். ஜன்னல் வழியாக அது நடக்குமா?

கடைக்குள் இருட்டு என்றேன்; முதலாளி ஒரு பல்பு போடச் சொன்னார். அந்த மஞ்சள் வெளிச்சத்தில் வெள்ளை அரிசியும் பழுப்படித்தது.

“இன்னாக்கா, அரிசி கலீஜா கீது?” என்று கேட்டுவிட்டு, மீன் விற்கும் அம்மா ஒருவர் எதிர்க்கடைக்குப் போய்விட்டார்.

“பாத்தியா சார்? வெயில்ல முத்து மாரி கீது. உள்ள வெச்சா கலீஜாம்!” அக்காவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

முன்சுவரை எடுத்துவிடலாம் என்றேன். முதலாளி குதித்தார். “மாடி கீழ வந்தா நீயாய்யா தாங்குவே?”

“தண்டவாளம் தாங்கும் சார்.” ரயிலையே தாங்குகிற இரும்பு என்று எடுத்துச் சொன்னதும் அரை மனசாகச் சம்மதித்தார்.

மாடிக் குடித்தனத்தைப் பக்கத்து வீட்டில் தங்கவைத்தோம். சவுக்கு முட்டுக் கொடுத்து, சுவரை உடைத்து, இரும்புக்கடையில் வாங்கிய பழைய தண்டவாளங்களை இரண்டு தூண்களின்மேல் உத்தரமாக ஏற்றினோம். மாடிச் சுவரின் பழைய விரிசலுக்குக் குறுக்கே காகிதப் பட்டை ஒட்டினோம். சுவர் இறங்கினால் அது கிழிந்து காட்டிக்கொடுக்கும்.

கடைசிச் சவுக்குக் கட்டையை உருவியதும் மாடியை அண்ணாந்து பார்த்தேன். மேலிருந்து கொத்தனார் மாணிக்கம் கத்தினார்: “காயிதம் கிழில சார்! அப்டியே கீது!”

போன உயிர் திரும்பி வந்தது. தெருவிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

கடை திறந்த காலையில் அதே மீன்காரம்மா வந்தார். தெருவில் நின்றபடியே மூட்டையில் கைவிட்டு, வெயிலில் பார்த்து, நாலு அரிசியை வாயில் போட்டார். அக்கா அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நல்ல பழசுதான். இத்த முன்னாடியே காட்றதுக்கு இன்னா?”

“செவுரு வுட்டாத்தானம்மா!” என்று அக்கா சிரித்தார். எத்தனையோ நாளாயிற்று அந்தச் சிரிப்பைப் பார்த்து. ஜனங்கள் வர ஆரம்பித்ததும் முதலாளி கிடங்குப் பேச்சையே எடுக்கவில்லை.

இப்போது வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: கடைக்குப் பிளான் போடும் முன் ஒரு நாள் அங்கே நின்று, வாங்குகிறவர் கை எதைத் தேடுகிறது என்று பாருங்கள். சுவர் எங்கே கூடாது என்பதை அந்தக் கையே காட்டிவிடும்.