முகம் லியேஜ், குரல் பெர்லின்

ஜெர்மனிக்கு வந்த முதல் குளிர்காலத்தில் நான் சண்டைக்குப் போன ஒரே இடம் சினிமாத் தியேட்டர். அறுபதுகளின் நடுப்பகுதி அது. கார்ல்ஸ்ரூஹே பல்கலைக்கழகத்தில் ஆற்று நீரோட்டத்தை அளக்கும் கூடத்தில் வேலை. பகலில் தண்ணீரோடு பேச்சு, சாயங்காலம் சுவரோடு பேச்சு. ஒரு சனிக்கிழமை, டிராம் நிறுத்தத்துக்கு எதிரே இருந்த சின்னத் தியேட்டரின் சுவரொட்டியில் பிரெஞ்சு நடிகர் எத்தியேன் மொர்வாலின் முகத்தைப் பார்த்ததும், சொந்த மாமாவைக் கண்டவன்போல உள்ளே ஓடினேன். படம் தொடங்கியது. அதே சாய்ந்த தொப்பி, அதே அரைத் தூக்கப் பார்வை. வாயைத் திறந்தார். உள்ளேயிருந்து யாரோ ஒரு ஜெர்மன்காரர் கனத்த குரலில் பேசினார்.

வெளியே வந்து சீட்டுக் கொடுக்கும் அம்மையாரிடம், "ஒலி கெட்டிருக்கிறது" என்றேன். தியேட்டரின் முதலாளியும் அவர்தான், ஃப்ராவ் கெஸ்லர். பதறிப்போய் மேலே ஏறி இயந்திரத்தைப் பார்த்துவிட்டு வந்து, எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்றார். "இது அவர் குரல் இல்லை" என்றேன். "இதுதான் அவர் குரல். நான் வருஷக்கணக்காகக் கேட்கிறேன்" என்றார், தன் வீட்டுப் பிள்ளையை யாரோ குறை சொன்னதுபோல. பிறகுதான் எனக்கு விஷயம் புரிந்தது. இந்த நாட்டில் வெளிநாட்டு நடிகர் ஒவ்வொருவருக்கும் ஒரு ஜெர்மன் குரல்காரர் உண்டு. மொர்வாலுக்குப் பெர்லினில் ஒருவர் இருந்தார். படம் எதுவானாலும் அந்த ஒருவர்தான் பேசுவார். ஆள் மாறினால் ஜனங்கள் கோபித்துக்கொள்வார்கள்.

புதுச்சேரியில் வளர்ந்த எங்களுக்கு மொர்வாலின் நிஜக் குரல் மனப்பாடம். மெல்லிய குரல், மூக்கில் கொஞ்சம் உரசிக்கொண்டு வரும். பிரெஞ்சுக்காரர்களுக்காகக் கொண்டுவந்த படங்களை நாங்களும் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்தோம். லிசே என்ற பிரெஞ்சுப் பள்ளியில் எங்கள் வகுப்பில் பாதிப்பேர் அவரைப்போலத் தொப்பி இல்லாத தலையைச் சாய்த்துக்கொண்டு திரிந்தவர்கள்தான். அவர் பாரிஸ்காரர் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். பெல்ஜியத்தில், லியேஜ் பக்கத்து நிலக்கரி ஊர் ஒன்றில், சுரங்கத் தொழிலாளியின் மகனாகப் பிறந்தவர் என்பது எனக்குத் தெரிந்தது அவரே என் சமையலறையில் உட்கார்ந்து சொன்னபோது.

ஆமாம், என் சமையலறையில்தான். எழுபதுகளின் தொடக்கம். எனக்கும் திரேசுக்கும் கல்யாணமாகி, அவளும் இங்கே வந்து சேர்ந்து, மகளும் பிறந்துவிட்ட காலம். ஃப்ராவ் கெஸ்லர் ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "ஹெர் சகாயம், உங்கள் மொர்வால் இங்கே பக்கத்தில், பாடன்-பாடனில் தங்கியிருக்கிறார். அவருக்குப் பிரெஞ்சு தெரிந்த ஜெர்மன் வாத்தியார் வேண்டுமாம்" என்றார். ஜெர்மன் தொலைக்காட்சிக்காக ஒரு படம். அதில் ஜெர்மனியின் ரூர் பகுதி நிலக்கரிச் சுரங்கத்தில் ஆயுளைக் கழித்த ஒரு வெளிநாட்டுக் கிழவர் வேடம் அவருக்கு. தன் அப்பாவும் சுரங்கத்தில் உழைத்தவர் என்பதால் சொந்தக் குரலில், ஜெர்மனிலேயே பேச வேண்டும் என்று மொர்வால் பிடிவாதமாக நின்றார். இயக்குநர் லிண்ட்னர் ஒரு நிபந்தனை போட்டார். ஃப்ராவ் கெஸ்லரின் தியேட்டரில் மொர்வாலுக்கு ஒரு பாராட்டு மாலை ஏற்பாடாகியிருந்தது. அங்கே அவர் ஜெர்மனில் பேசட்டும். ஜனங்கள் ஏற்றுக்கொண்டால் சொந்தக் குரல், இல்லையென்றால் வழக்கம்போலப் பெர்லின்காரர்.

"இந்த ஊரில் ஜெர்மன் வாத்தியார்களுக்கா பஞ்சம்?" என்று அவரிடமே கேட்டேன். "இரண்டு பேரிடம் போனேன், முசே சகாயம். நான் தப்பாகப் பேசினால் அழகாக இருக்கிறது என்கிறார்கள். திருத்த மாட்டேன் என்கிறார்கள். சுரங்கத்துக் கிழவன் அழகாகவா பேசுவான்?" என்றார். எனக்கு அந்தக் கவலையே இல்லை. பிரெஞ்சு வாடை எங்கே வந்தாலும் பிடுங்கி எறிந்தேன். சொல்லின் கடைசியில் அழுத்துவதை நிறுத்த வைத்தேன். மூக்கை மூட வைத்தேன். சனி, ஞாயிறு மத்தியானங்களில் வருவார். திரேஸ் வைக்கும் மீன் குழம்பை ரொட்டியில் தொட்டுச் சாப்பிட்டுவிட்டு, சட்டைக் கையை மடித்துவிட்டு, படத்தின் வசனங்களைப் பள்ளிப் பிள்ளைபோல ஒப்பிக்க ஆரம்பிப்பார்.

இடைவேளைகளில் கதை வரும். ஊமைப்படக் காலத்தில் பாரிசுக்கு வந்தாராம். பேசும் படம் வந்ததும், உன் லியேஜ் பேச்சை வைத்துக்கொண்டு காதலன் வேடம் கட்ட முடியாது என்று சொல்லிவிட்டார்கள். பல்லிடுக்கில் தக்கையைக் கடித்துக்கொண்டு வசனம் சொல்லச் சொல்லி, ஊரை நாக்கிலிருந்து உரித்தார்கள். அப்புறம்தான் தொப்பி, காதல், புகழ் எல்லாம். யுத்தத்தின்போது, நாட்டை ஆக்கிரமித்த ஜெர்மானியர்களின் படங்களில் நடிக்க மறுத்து ஒரு பண்ணையில் பன்றி மேய்த்தார். நரைத்த தலையோடு திரும்பியவருக்குத் துப்பறியும் அதிகாரி வேடங்கள் கிடைத்தன. பத்து வருஷம் அவர்தான் ராஜா. பிறகு தெருவில் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடும் இளைஞர்கள் வந்தார்கள். அவர்களுக்கு இவர் பழைய கோட்டு. "அம்மாவைப் பார்க்க ஊருக்குப் போனால், பாரிஸ் துரை வந்திருக்கிறார் என்று கதவைத் திறப்பாள். அவளுக்குப் பிடித்த குரல் என்னிடம் இல்லை" என்றார் ஒருநாள். திரேசுக்குப் பிரெஞ்சு நன்றாகத் தெரியும். அவள் எழுந்துபோய் அடுப்பைத் துடைக்க ஆரம்பித்தாள், அது சுத்தமாகத்தான் இருந்தது.

பாராட்டு மாலை வந்தது. முதலில் பழைய படம் ஒன்றைப் போட்டார்கள், பெர்லின் குரலோடு. விளக்குப் போட்டதும் மொர்வால் மேடையேறினார். நான் முன்வரிசையில், மகளைப் பள்ளி விழாவில் ஆடவிட்ட அப்பன்போலக் கையைப் பிசைந்துகொண்டிருந்தேன். பேசினார். ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. முடித்ததும் கைதட்டல் கொஞ்சம் தாமதமாக வந்தது. ஒரு வயதான அம்மா எழுந்து, மிகவும் மரியாதையாக, "இப்போது உங்கள் சொந்தக் குரலில் ஏதாவது சொல்லுங்களேன்" என்றார். மொர்வால் மகிழ்ந்துபோய்ப் பிரெஞ்சில் இரண்டு வாக்கியம் சொன்னார். அந்த அம்மா தலையை ஆட்டினார். "இல்லை, படத்தில் பேசினீர்களே, அந்தக் குரல்" என்றார். மொர்வால் புரியாமல் என்னைப் பார்த்தார்; அதை மேடையேறி மொழிபெயர்க்க வேண்டியவன் நான். மொழிபெயர்த்தேன்.

வெளிக்கூடத்தில் லிண்ட்னர் எங்களிடம் வந்தார். நல்ல மனிதர், முகத்தைச் சுளிக்கக்கூட இல்லை. "பிரெஞ்சு வாடை அடிக்கும் என்று எதிர்பார்த்தேன், அதை ஜனங்கள் விரும்புவார்கள். ஆனால் இவர் எந்த ஊர்க்காரர்போலப் பேசுகிறார்?" என்றவர் திரும்பி என்னைப் பார்த்தார். அப்போதுதான் எனக்கே உறைத்தது. எழுத்துக்கு எழுத்து ஒரே அழுத்தம். அண்ணத்தில் தட்டித் திரும்பும் ட. நாக்கு நுனியில் உருளும் ர. மேடையில் மொர்வால் பேசியது அப்பட்டமாக என் ஜெர்மன். "வேடம் வெளிநாட்டுக்காரன்தானே?" என்றேன். "வெளிநாட்டுக்காரன்தான். ஆனால் இவர்களுக்குப் பழகிய வெளிநாட்டுக்காரனாக இருக்க வேண்டும்" என்றார் லிண்ட்னர். எனக்கு ஆத்திரமாக வந்தது. இந்த ஊரில் இத்தனை வருஷம் நான் எப்படிப் பேசுகிறேன் என்பதை யாரும் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. அன்றைக்கு இன்னொருவர் வாயில் வைத்துச் சொல்லிவிட்டார்கள்.

டிராம் நிறுத்தத்தில் மொர்வாலிடம் மன்னிப்புக் கேட்கப்போனேன். அவர் கையமர்த்தினார். "பாரிசில் லியேஜை விடு என்றார்கள், விட்டேன். இங்கே பாரிசைக் கொண்டுவா என்கிறார்கள். அது என்றைக்கு என்னுடையதாக இருந்தது?" என்றார். நடிக்க மறுத்துவிடுவார் என்றே நினைத்தேன். "நடிப்பேன். ஆனால் கேமராவுக்கு முன்னால் நீங்கள் சொல்லிக்கொடுத்த மாதிரிதான் பேசுவேன். அதன் மேல் அவர்கள் எதை வேண்டுமானாலும் பூசட்டும்" என்றார். டிராம் வந்தது, தொப்பியைத் தொட்டுவிட்டு ஏறிக்கொண்டார். அதற்குப் பிறகு நான் அவரை நேரில் பார்க்கவில்லை.

அடுத்த குளிர்காலத்தில், ஒரு ஞாயிறு சாயங்காலம், படம் தொலைக்காட்சியில் வந்தது. மகளையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு பார்த்தோம். பெர்லின் குரல் உதட்டசைவோடு கச்சிதமாகப் பொருந்தியது. ஏன் பொருந்தாது, அவர் பேசியதும் ஜெர்மன்தானே. நகர அலுவலகத்தில் ஓர் இளம் குமாஸ்தா, கிழவரிடம் எந்த ஊர் என்று கேட்கும் கட்டம் வந்தது. நான் எழுந்துபோய்ச் சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்தேன்.

"என்னங்க, நல்லாத்தானே போய்க்கிட்டிருக்கு?" என்றாள் திரேஸ்.

திரையில் மொர்வாலின் உதடுகள் நிதானமாக, எழுத்தெழுத்தாக, ஒரே அழுத்தத்தில் அசைந்தன. அந்த அசைவோடு நானும் வாய்விட்டுச் சொன்னேன், ஜெர்மனில், என் ட-வோடும் என் ர-வோடும்: "நான் இந்த ஊர்க்காரன் இல்லை. ஆனால் வேறெந்த ஊருக்கும் இப்போது என்னைத் தெரியாது."

ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை. மகள் சிரித்தாள். திரேஸ் சிரிக்கவில்லை. "அடுத்ததையும் நீங்களே பேசுங்க" என்றாள். படம் முடிகிறவரை நான்தான் பேசினேன்.