சவுக்குத் தோப்பில் ஐந்து வாட்

நேற்று வீட்டுக்கு வந்த எலக்ட்ரீஷியன் ஒயரின் மேல்தோலைப் பல்லால் கடித்து உரித்துத் துப்பினார். கண்டிக்க வாயெடுத்து அடக்கிக்கொண்டேன். எனக்கு அந்த யோக்கியதை கிடையாது. என் முன்பல் ஒன்றின் ஓரம் உடைந்திருப்பதே இதே காரியத்தால்தான். நாக்கு அங்கே படும்போதெல்லாம் கபீர் ஞாபகம் வந்துவிடும்.

அப்போது எனக்குக் கல்பாக்கத்தில் வேலை. தென்காசிப் பக்கமிருந்து வந்து தனிக்கட்டையாக இருந்தேன். கபீர் செங்கல்பட்டுக்காரன், கடைத்தெருவில் அவன் அத்தாவுக்குத் துணிக்கடை. எங்கள் இருவரையும் சேர்த்துவைத்தது ஹாம் ரேடியோ. லைசென்ஸ் வாங்கிக்கொண்டு, சொந்த செட்டில், சிற்றலையில் முன்பின் தெரியாதவர்களோடு பேசுகிற பைத்தியம் அது. அப்படி என்னதான் பேசுவீர்கள் என்று கேட்பீர்கள். 'நான் பேசுவது கேட்கிறதா?' என்பதைத்தான் பெரும்பாலும் பேசுவோம்.

கபீர் இரண்டு வருஷம் உட்கார்ந்து ஒரு செட்டைத் தானே செய்திருந்தான். பிஸ்கட் டப்பா அளவு. ஐந்து வாட் சக்தி. அந்தக் காலத்து ராத்திரி விளக்குக்குக்கூட அதைவிட அதிகம் வேண்டும். ஊரார் பேசுவதெல்லாம் அதில் கேட்டது. அவன் பேசியதுதான் ஒருவர் காதிலும் விழவில்லை. கடைத்தெரு நெருக்கடியில் ஏரியல் கட்ட இடமில்லை என்று அவன் சொல்வான். அவன் அத்தா அதற்கு 'ஊமைப் பொட்டி' என்று பெயர் வைத்திருந்தார். பேர் வைப்பதில் மனுஷனுக்கு இரக்கமே கிடையாது.

திங்கட்கிழமை கபீர் துபாய்க்கு வேலைக்குப் போக வேண்டும். போனால் எத்தனை வருஷமோ. அங்கே லைசென்ஸ் இல்லாமல் இந்த செட்டைத் தொட முடியாது.

"ஒரே ஒரு ஆளு, மச்சான். கேக்குதுன்னு ஒரு ஆளு சொல்லிட்டான்னா போதும். அப்பால நான் பாட்டுக்கு ஏறிப் போய்க்கினே இருப்பேன்" என்றான்.

அதனால் சனிக்கிழமை மத்தியானம், மாமல்லபுரம் தாண்டிக் கடலோரச் சவுக்குத் தோப்பு ஒன்றில் கூடாரம் அடித்தோம். கூடாரம் என்பது மரியாதைக்குச் சொல்வது, லாரித் தார்ப்பாய்தான். தூண்டில் நரம்பில் கல்லைக் கட்டி, கிளைக்கு மேலே ஏரியலை ஏற்ற நான் வீசினேன். ஏழாவது வீச்சு கிளையைத் தாண்டியது. ஆறாவது வீச்சு கபீரின் தோளில் விழுந்தது. ஒயரின் நடுப்பகுதியை உச்சிக்கு இழுத்துவிட்டு, இரண்டு முனைகளையும் கை எட்டும் உயரத்தில் கயிறு போட்டுக் கட்டினோம்.

ஏரியலின் நீளம் சரியாக இருந்தால்தான் செட்டின் சக்தி வெளியே போகும். தப்பினால் பாதிக்கு மேல் திரும்பி வந்துவிடும். அதைக் காட்ட ஒரு மீட்டர் உண்டு. அதன் முள் கீழேயே படுத்துக் கிடக்க வேண்டும். எங்கள் முள்ளோ நெட்டுக்குத்தாக நின்றது.

"செட்லதான் இன்னாமோ கோளாறு கீது" என்று கபீர் டப்பாவைத் திறந்தான். இருட்டும்வரை ஒவ்வொரு பற்றவைப்பாகத் தொட்டுப் பார்த்தோம். நானும் இஞ்சினீயர் என்ற ஹோதாவில் கூடவே தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

ஞாயிறு காலை ஏழு முதல் எட்டு வரை, குறிப்பிட்ட ஒரு அலைவரிசையில் தெற்கத்தி ஹாம்கள் கூடுவார்கள். கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் வரிசைப்படி ஆட்களைக் கூப்பிட்டுப் பேசவைப்பார். ஏழு மணியிலிருந்து கபீர், லைசென்ஸில் கொடுத்த எழுத்தும் எண்ணுமான தன் அழைப்புக் குறியைச் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டியதுதான் மிச்சம். ஏழரை மணிக்கு செட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்தான்.

"பேஜாராப் போச்சு மச்சான். இத்தக் கடல்ல போட்டுட்டு வரேன்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "போடு. அதுக்கு முந்தி ஒயரை எப்படி அளந்தேன்னு சொல்லிட்டுப் போடு."

"நீயும்தானே கூட இருந்த? இந்தாண்ட பத்து கோலு, அந்தாண்ட பத்து கோலு."

"எந்தக் கோல்?"

"கடைல கீதே, அந்த இரும்புக் கோலு…" என்றவன் அப்படியே நின்றுவிட்டான்.

கடையில் இரண்டு கோல்கள் உண்டு. துணி அளப்பது மீட்டர் கோல். இரும்புக் கோல் பழைய கெஜக்கோல். மேல்தட்டுத் துணிக்கட்டை நெம்பி இறக்கத்தான் அதை வைத்திருந்தார் அத்தா. மீட்டரைவிட நாலு விரல் குட்டை. பக்கத்துக்குப் பத்து மீட்டர் இருக்க வேண்டிய ஒயரில், பத்து கோலுக்குக் கிட்டத்தட்ட மூன்றடி போச்சு. துணிக்கடைக்காரர் மகன் கோலைப் பார்த்து ஏமாந்தான். மயிரிழைக் கனத்தை அளந்து சம்பளம் வாங்கிய நான், ஒயரின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு ஒண்ணு, ரெண்டு என்று எண்ணியிருக்கிறேன்.

வேறு ஒயர் கையில் இல்லை. கபீர் செட்டை ஓட்டும் பேட்டரியின் நீளமான சிவப்பு-கறுப்பு இரட்டை ஒயரில் ஒரு மீட்டரை வெட்டிக்கொண்டு, மிச்சத்தை மறுபடி செட்டோடு சேர்த்தான். இரண்டாகக் கிழித்தோம், சிவப்பு இந்த முனைக்கு, கறுப்பு அந்த முனைக்கு. அந்த அவசரத்தில், வெட்டிய கத்தி மணலில் எங்கேயோ புதைந்துவிட்டது. தேட நேரமில்லை, கடித்தேன். பல் ஓரம் தெறித்தது. முறுக்கிக் கட்டிவிட்டு ஓடி வந்து பார்த்தால், முள் சொன்ன பேச்சுக் கேட்கிற பிள்ளையாகப் படுத்திருந்தது.

எட்டு மணிக்கு இன்னும் நான்கு நிமிஷம். பெரியவர் முடிக்கிற பேச்சில் இருந்தார். கபீர் கூப்பிட்டான். பெங்களூர்க்காரர் ஒருவரின் பெரிய குரல் அதன் மேல் ஏறி மிதித்தது. மறுபடி கூப்பிட்டான். மதுரைக்காரர் மிதித்தார். மூன்றாம் முறையும் விடாமல் கூப்பிட்டான்.

"எல்லாருங் கொஞ்சம் சும்மா இருங்க" என்றார் பெரியவர். "அடியில ஆரோ சன்னமாக் கூப்புடறாங்க. ஆருங்க அது? மறுக்காச் சொல்லுங்க."

அத்தனை பெரிய குரல்களும் வாயை மூடிக்கொண்டன. கபீர் மைக்கை என் பக்கம் நீட்டினான். விலாவில் ஒன்று கொடுத்தேன். குறியைச் சொன்னான்.

"கேக்குதுங்க தம்பி. சன்னந்தான், ஆனா கேக்குதுங்க. எங்கிருந்து பேசறீங்க?"

இங்கிலீஷில் அவன் தயார்செய்து வைத்திருந்ததெல்லாம் பறந்துவிட்டது. "சவுக்குத் தோப்புல கீறோம் சார். அஞ்சு வாட்டு சார். நானே செஞ்சது சார்."

"அஞ்சு வாட்டா! நல்லாருங்க, நல்லாருங்க."

கபீர் மைக்கை மணலில் வைத்துவிட்டு விக்கி விக்கி அழுதான். நான் அழவில்லை, எனக்குப் பல்வலி.

பேசியதற்கு அத்தாட்சியாகக் கார்டு அனுப்புவது எங்கள் வழக்கம். பெரியவரின் கார்டு வருவதற்குள் கபீர் துபாயில் இருந்தான். அத்தா அதை மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டு, துணி எடுக்க வந்தவர்களிடமெல்லாம், "எம்மவன் பேசனது கோயம்புத்தூர்ல கேட்டுச்சாம்" என்று காட்டியிருக்கிறார். இப்போது அவரும் இல்லை, கடையும் இல்லை. தோப்பு இருந்த இடத்தில் மதில் எழுப்பி வில்லாக்கள் கட்டிவிட்டார்கள்.

கபீர் திரும்பி வந்துவிட்டான். நரைத்த தாடியோடு, அதே செட்டோடு, ஞாயிறு தவறாமல் அச்சரப்பாக்கம் பக்கம் கரண்டுக் கம்பியின் இரைச்சல் செட்டில் ஏறாத இடமாகத் தேடிப் போகிறோம். கோயம்புத்தூர்ப் பெரியவர் காலமாகிச் சில வருஷங்கள் ஆகின்றன. அந்த அலைவரிசையில் இன்றும் பெரிய குரல்கள் பேசிக்கொண்டுதான் இருக்கின்றன. கபீர் கூப்பிடுகிறான், பத்து தடவை, இருபது தடவை. அவர்களைச் சும்மா இருக்கச் சொல்லத்தான் ஆள் இல்லை.