நான்கு பேர் தூக்கிய கதிரை

மூன்று நாட்கள் விடாமல் மழை பெய்த ஓர் ஐப்பசிப் பிற்பகலில் தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளை, எங்கள் லயத்தை, உடனே காலி செய்யச் சொன்னார்கள். கிராம சேவகர் கீழே ரோட்டில் நின்று ஒலிபெருக்கியில் அறிவித்தார். லயத்துக்குப் பின்னால் மலையில் வெடிப்பு விழுந்திருக்கிறது, எல்லோரும் பாடசாலை மண்டபத்துக்கு வந்துவிட வேண்டும் என்றார். பத்து நிமிடத்தில் லயம் முழுவதும் வெளியே வந்துவிட்டது. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டும், துணிமூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டும், ஒருவர் கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டும் இறங்கினார்கள். நான் மட்டும் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன்.

லயத்திலிருந்து ரோட்டுக்கு எழுபத்திரண்டு படிகள். பாதி சீமெந்து, பாதி மண்ணை வெட்டிக் கல் பதித்தது. அதில்தான் இரண்டு வருடங்களுக்கு முன் நான் வழுக்கி விழுந்தேன். அப்போது தோட்டப் பாடசாலையில் ஆசிரியையாக இருந்தேன். வலது தொடை எலும்பு முறிந்து, பதுளை ஆஸ்பத்திரியில் தகடு வைத்தார்கள். எலும்பு பொருந்தியது, ஆனால் கால் கொஞ்சம் குட்டையாகிவிட்டது. அந்தக் காலுக்கு நோகக்கூடாது என்று பாரத்தையெல்லாம் இடது காலில் போட்டதில் இடது முழங்கால் தேய்ந்துவிட்டது. இரண்டு ஊன்றுகோல்களோடு வாசல் வரை போவேன். அதற்கு மேல் முடியாது. வேலையை விட்டேன். வீட்டில் உட்கார்ந்த இரண்டு வருடத்தில் உடம்பு ஊதிக்கொண்டே போனது; நீரிழிவும், எங்கள் பேச்சில் சீனி வருத்தம், வந்து சேர்ந்தது. சட்டைகளின் தையலைப் பிரித்துப் பிரித்துப் போட்டுக்கொண்டேன். பிரிக்கத் தையல் இல்லாமல் போனதும் நைட்டிக்கு மாறினேன்.

அன்று தொழிற்சாலையிலிருந்து ஓடி வந்த என் கணவர் வாசலில் நின்று என்னையும் படிகளையும் மாறி மாறிப் பார்த்தார். சுவருக்கு அடுத்த காம்பராவில் குடியிருக்கும் அவருடைய தம்பியும், லயத்து ஆட்கள் இரண்டு பேரும் வந்தார்கள். கையுள்ள பிளாஸ்டிக் கதிரையில் என்னை உட்கார வைத்து, சேலையால் இடுப்பைச் சுற்றிக் கட்டினார்கள்.

“அண்ணி, கண்ண மூடிக்கிங்க. கீழ பாத்தாத்தான் பயம்” என்றான் கொழுந்தன்.

கண்ணை மூடினால் அவர்கள் மூச்சு வாங்குவது இன்னும் பெரிதாகக் கேட்டது. பத்துப் படிக்கு ஒருமுறை இறக்கி வைத்து, கையை உதறிவிட்டு, மறுபடி தூக்கினார்கள். மூட்டை கட்டத் தாமதித்து எங்களுக்குப் பின்னால் வந்தவர்கள் தாண்டிப் போக வழியில்லாமல் மழையில் நின்றார்கள். “நீங்க முன்னால போங்க” என்று நான் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. மண் படி தொடங்கும் வளைவில் கொழுந்தனின் காலடியில் ஒரு கல் பெயர்ந்தது. அவன் பக்கவாட்டில் விழுந்தான். விழுந்தபோதும் கதிரைக் காலை விடவில்லை. அதனால்தான் நான் உருளவில்லை. அவன் எழுந்தபோது இடது கை தனியாகத் தொங்கியது.

தோள்பட்டை எலும்பு முறிந்திருந்தது. அன்றே அவனைப் பதுளைக்குக் கொண்டுபோனார்கள். நாங்கள் ஐந்து நாள் பாடசாலை மண்டபத்தில் இருந்தோம். நான் பாடம் நடத்திய மண்டபம்தான். மலையில் கொஞ்சம் மண் சரிந்து, லயத்துக்கு எட்டாமல் தேயிலைக்குள்ளேயே நின்றுவிட்டது. ஆறாம் நாள் திரும்பிப் போகலாம் என்றார்கள். மறுபடி என்னைத் தூக்க வேண்டியிருந்தது. இந்த முறை ஆறு பேர் வந்தார்கள். அந்த ஆறு பேரையும் யார் எண்ணிக் கூப்பிட்டார்கள் என்று நான் கேட்கவில்லை.

அதன் பிறகு எனக்கு மழை என்றாலே பயம். அப்புத்தளைப் பக்கமிருந்து மேகம் இறங்கினால் போதும், லயத்தில் எந்தெந்த ஆம்பிளை இருக்கிறான், யார் கொழும்புக்குப் போயிருக்கிறான் என்று மனது கணக்குப் போடும். கொழுந்தன் கையைக் கட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருப்பான். என்னைக் கண்டால் சிரிப்பான். அவன் மனைவி கொழுந்து பறிப்பவள். முன்பெல்லாம் வேலை முடிந்து வந்ததும் “அக்கா, என்ன கறி?” என்று எட்டிப் பார்ப்பாள். இப்போது கூடையை இறக்கிவிட்டு நேரே உள்ளே போனாள். கதவு சாத்தும் சத்தம் மட்டும் சுவருக்கு இந்தப் பக்கம் கேட்கும்.

நான் சாப்பாட்டை நிறுத்தினேன். யாரிடமும் சொல்லவில்லை. காலையில் மூன்று ரொட்டி சாப்பிடுகிறவள் பால் கலக்காத சாயத்தண்ணி மட்டும் குடித்தேன். மத்தியானம் கணவர் வேலைக்குப் போன பிறகு எனக்கு வைத்த சோற்றைப் பானையில் திரும்பக் கொட்டினேன். சீனி வருத்தத்துக்கான மாத்திரையை மட்டும் தவறாமல் போட்டேன். அது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று படித்த எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒன்பதாம் நாள் அடுப்படியில் நின்றபோது உடம்பு வியர்த்துக் கண் இருட்டியது. ஊன்றுகோல் தகரத்தில் விழுந்த சத்தம் மட்டும் நினைவிருக்கிறது.

கண்ணைத் திறந்தபோது கொழுந்தன் மனைவி என் தலையை மடியில் வைத்துக்கொண்டு, சீனித் தண்ணீரைக் கரண்டியால் வாயில் ஊற்றிக்கொண்டிருந்தாள். பகல் சாப்பாட்டுக்கு மலையிலிருந்து வந்தவள். தலையில் கட்டிய துணியைக்கூட அவிழ்க்கவில்லை.

“எத்தன நாளா சாப்பிடல?” என்று கேட்டாள்.

எனக்கு அழுகைதான் வந்தது. “என்னாலதானே உன் புருசனுக்கு இப்படி ஆச்சு. ஒனக்கு என் மேல கோவம்னு தெரியும்” என்றேன்.

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். “கோவந்தான் அக்கா. இல்லன்னு சொன்னா பொய். தனியா நின்னு எல்லாத்தையும் பாக்குறேன்ல. ஆனா நீங்க செத்துப் போங்கன்னா நெனச்சேன்? நீங்க கொறையணும்னா சாப்பிட்டுக் கொறைங்க. இப்படி விழுந்தா ஒங்கள யாரு தூக்குறது?”

கடைசியில் சொன்னது அவள் வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. சொன்ன பிறகு அவளுக்கே ஒரு மாதிரியாகிவிட்டது. நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். அவள்தான் முதலில் சிரித்தாள்.

அந்த வாரமே கணவர் என்னைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனார். படியில் மறுபடி நாலு பேர், பிறகு த்ரீவீலர். எலும்பு டாக்டர் என் எக்ஸ்-ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முழங்காலை மாற்றினால் நடக்கலாம், ஆனால் இந்த எடையில் மயக்க மருந்து கொடுப்பதும் ஆபத்து, வைத்த மூட்டு தாங்குவதும் சந்தேகம் என்று சிங்களத்தில் சொன்னார். எடையைக் குறைத்துக்கொண்டு வாருங்கள் என்றார். “நடந்தால்தானே குறையும் டாக்டர், குறைந்தால்தானே நடக்கலாம்?” என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் கேட்டேன். அவர் முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்து, உடற்பயிற்சிப் பிரிவுக்கு ஒரு துண்டுச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

அங்கே இருந்தவர் பதுளை டவுனைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் பெண். எனக்கு மகளாகும் வயதுதான் இருக்கும். நான் ஒன்பது நாள் பட்டினி கிடந்ததைக் கேட்டுக் கோபப்பட்டார்.

“டீச்சர், மாத்திரையும் போட்டுட்டுப் பட்டினியும் கிடந்தா என்ன ஆகும்? கொழுப்புக்கு முன்னால தசைதான் போகும். அப்புறம் ஊன்றுகோலப் பிடிக்கக் கைல பலம் இருக்காது. எடை கொறையிறது முக்காவாசி தட்டுலதான். கதிரைல இருந்து நீங்க செய்யிறது தசைக்கும் மூச்சுக்கும். ரெண்டும் வேணும்.”

சுவரோடு ஒட்டிய கதிரையில் உட்கார வைத்துச் சொல்லித் தந்தார். அரை லீற்றர் தண்ணீர்ப் போத்தல் இரண்டைக் கையில் பிடித்து மேலே தூக்கி இறக்குவது. காற்றில் குத்துவது போல் இரண்டு கையையும் மாற்றி மாற்றி நீட்டுவது. முழங்காலை நீட்டி ஐந்து எண்ணும் வரை பிடித்திருப்பது. பிறகு கதிரைக் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து எழுந்து உட்காருவது. அதை நான் இரண்டு தடவை செய்வதற்குள் நைட்டி நனைந்துவிட்டது. “அது போதும். நாளைக்கும் ரெண்டு. அடுத்த வாரம் மூணு” என்றார். மாத்திரையின் அளவையும் டாக்டரிடம் கேட்டு மாற்றித் தந்தார்கள்.

சாப்பாடுதான் பெரிய போராட்டம். எங்கள் வீட்டில் மாவு ரொட்டியும் சோறும் தவிர வேறென்ன இருக்கிறது? மூன்று ரொட்டியை ஒன்றாக்கி, பக்கத்தில் பருப்பையும் வல்லாரைச் சம்பலையும் கூட்டினேன். வெலிமடைச் சந்தைக்குப் போகிறவர்களிடம் சொல்லி லீக்ஸ், போஞ்சி, கோவா என்று காய்கள் வாங்கினோம். தட்டில் பாதி மரக்கறி, ஒரு கைப்பிடி சோறு, ஒரு துண்டு மீன் அல்லது முட்டை. ஒரு நாளில் ஆறு தடவை குடித்த தேத்தண்ணியில் எவ்வளவு சீனி போயிருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது. நாலு மணிக்கு மீன் அடைத்த மாலு பணிஸ் விற்கிறவரின் த்ரீவீலர் ரோட்டில் பாட்டுப் போட்டுக்கொண்டு வரும். அந்தப் பாட்டு முடிந்து வளைவு திரும்பும் வரை நான் போத்தலைத் தூக்கிக்கொண்டிருப்பேன்.

ஆனால் குறைகிறதா இல்லையா என்று தெரியவில்லை. அதுதான் என்னை அரித்தது. சாதாரணத் தராசில் ஊன்றுகோல் இல்லாமல் என்னால் நிற்க முடியாது. சுவரைப் பிடித்தால் ஒரு எண், விட்டால் இன்னொரு எண். கிளினிக்கில்கூட ஒரு குத்துமதிப்பாகத்தான் எழுதினார்கள். கொழுந்தன் மனைவிதான் வழி சொன்னாள். லயத்தின் கோடியில், எங்கள் வாசலுக்குச் சமமான தரையில், கொழுந்து நிறுக்கும் மடுவம் இருக்கிறது. மூட்டைகளை வைக்கிற பெரிய தராசு அங்கே உண்டு.

“கதிரையோட ஒங்கள ஏத்தி வச்சிருவோம். அப்புறம் கதிரைய மட்டும் நிறுத்துக் கழிச்சுக்கலாம்.”

“கொழுந்து மூட்ட மாதிரியா?”

“ஆமா. மூட்ட வெக்கப்படுதா என்ன?”

கணவர் கணக்கப்பிள்ளையிடம் அனுமதி கேட்டார். ஞாயிற்றுக்கிழமை மடுவத்தில் யாரும் இருக்க மாட்டார்கள் என்று நம்பிப் போனேன். அந்தக் கொஞ்சத் தூரத்துக்கு நாலு இடத்தில் நின்று மூச்சு வாங்கினேன். போய்ப் பார்த்தால் தண்ணீர்க் குழாயடியில் ஏழெட்டுப் பெண்கள் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். திரும்பிவிடலாம் என்றுதான் நினைத்தேன். அவ்வளவு தூரம் உடனே திரும்பி நடக்கக் கால் விடவில்லை. தராசில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டேன். கணவர் எண்ணை வாய்விட்டுச் சொல்லாமல், ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி மடித்து என் கையில் கொடுத்தார். தொண்ணூற்றெட்டு கிலோ.

ஒரு மாதம் கழித்துத் தொண்ணூற்றாறு. அடுத்த மாதம் தொண்ணூற்று நான்கு. அதற்கடுத்த இரண்டு மாதமும் அதே தொண்ணூற்று நான்கு. அந்த இரண்டு மாதமும் என்னை நானே சந்தேகப்பட்டேன். தூக்கத்தில் எழுந்து தின்கிறேனோ என்றுகூட நினைத்தேன். கணவர் தன் தட்டில் மீன் துண்டை ஒளித்துவைத்துச் சாப்பிடுவதைப் பார்த்து, அவர் மேல் எரிந்து விழுந்தேன். போனில் அழைத்தபோது அந்தப் பயிற்சிப் பெண், “நிக்கும் டீச்சர், அப்புறம் எறங்கும். எழுந்து உக்கார்றது இப்ப எத்தன?” என்று கேட்டார்.

“பதினாலு.”

“மொத நாள் ரெண்டு. ஞாபகம் இருக்கா?”

இருந்தது. ஆனாலும் பயம் குறையவில்லை. அடுத்த மழைக்காலம் நெருங்கியதும் நான் யாரையும் நம்பி இருக்கக்கூடாது என்று ஒரு வேலை செய்தேன். வெயில் அடிக்கிற நாளில் படியில் உட்கார்ந்தபடி, கையை ஊன்றி, ஒவ்வொரு படியாக இறங்கிப் பழகினேன். கணவர் எனக்குக் கீழே ஒரு படி முன்னால் போனார். முதல் நாள் பன்னிரண்டு படிதான். கை முழுக்கச் சிராய்ப்பு. ஒரு மாதத்தில் ரோடு வரை போனேன், ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடித்தது. ஏறுவதும் அப்படித்தான், உட்கார்ந்தபடி பின்பக்கமாக. பிறகு மழை இரண்டு நாள் தொடர்ந்தாலே, எச்சரிக்கை வருமுன், உடுப்புப் பையைக் கணவரிடம் கொடுத்துவிட்டு இறங்கத் தொடங்கிவிடுவேன். மூன்று தடவை அப்படி இறங்கினேன். மூன்று தடவையும் ஒன்றும் நடக்கவில்லை. மண்டபத்தில் தனியாக உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து, “டீச்சர் மழைக்கு முந்தி வந்துட்டாங்க” என்று பிள்ளைகள் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று இருந்தேன்.

கொழுந்தனின் எலும்பு அதற்குள் பொருந்தி, அவன் வேலைக்குத் திரும்பியிருந்தான். கையை முழுதாகத் தலைக்கு மேல் தூக்க மட்டும் இன்னும் முடியாது. ஒருநாள் நான் போத்தல் தூக்குவதைப் பார்த்துவிட்டு, உள்ளே போய் அவனும் ஒரு போத்தலோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். அவனுக்கும் ஆஸ்பத்திரியில் அதைத்தான் செய்யச் சொல்லியிருந்தார்களாம். செய்யாமல் ஏமாற்றிக்கொண்டிருந்திருக்கிறான். அன்றிலிருந்து மாலையில் இரண்டு பேரும் சேர்ந்தே செய்தோம்.

பதினாலு மாதம் கழித்து எலும்பு டாக்டரிடம் போனேன். அந்த வாரம் மடுவத்துத் தராசு எண்பத்தாறு காட்டியிருந்தது. அவர் எண்பதை எதிர்பார்ப்பாரோ என்று பஸ்ஸில் முழு வழியும் கவலைப்பட்டேன். எண்ணைச் சொன்னேன். சீனியின் அளவைப் பார்த்தார். கதிரையிலிருந்து எழுந்து காட்டச் சொன்னார். கையை ஊன்றாமல் எழுந்தேன். சரி, ஆபரேஷன் பட்டியலில் போடுகிறேன் என்று எழுதத் தொடங்கினார். வெளியே வந்து கணவரிடம் சொன்னபோது அவர் சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று தெரியாமல் பேந்தப் பேந்த விழித்தார்.

திகதி போன வாரம்தான் வந்தது. இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது. மயக்க மருந்து, புதிய மூட்டு, அதன் பிறகு மறுபடி நடை பழகுவது என்று ஒன்றை நினைத்தால் இன்னொன்று வந்து நிற்கிறது. நேற்று கணவர், “பயமா இருக்கா?” என்று கேட்டார்.

“இருக்கு.”

“எனக்கும்தான்” என்று சொல்லிவிட்டு, போஞ்சி நறுக்க உட்கார்ந்தார். நான் இன்னொரு கத்தியை எடுத்துக்கொண்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தேன்.