வேலாயுதம் ஓட்டாத மறுபாதி

வேலாயுதம் போய்விட்டான். காய்ச்சல் என்று படுத்தவன் எழுந்திருக்கவே இல்லை. நேற்று சாயங்காலம் எடுத்துவிட்டோம்.

நம் சைக்கிள் கடைக் கதவில் இதை ஒட்டுகிறேன். வெளியூர் போயிருப்பவர்களுக்கு, படித்தவர்கள் சொல்லிவிடுங்கள்.

அழுகிற மாதிரி எழுத எனக்கு வரவில்லை. அவனை நினைத்தாலே சிரிப்புத்தான் வந்து தொலைக்கிறது...

துறைமுகக் கிடங்கில் எனக்குப் பக்கத்து நாற்காலி அவன். மூட்டைக் கணக்கு எழுதுகிற ஆள். ஆனால் மனசு முழுக்க மலை ரோட்டில்.

சைக்கிளிலேயே நம் தீவை ஒரு ரவுண்டு சுற்றி வர வேண்டும் என்று முதலில் கிளப்பிவிட்டவன் அவன்தான். காட்டு மலை ஏறி, இறங்கி, ஒரே நாளில். அதுவும் நம்முடைய இந்த ஓட்டை சைக்கிள்களில்!

அந்த பிளான் போட்ட காலை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. கோப்பிக் கடை மேசையில் ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்து ஊர்களை வைத்தான். இது தஞ்சோங் பூங்கா, இது தெலுக் பாஹாங், நடுவில் மலை, அந்தப் பக்கம் பாலிக் புலாவ். சுற்றிலும் ஊற்றிய குழம்புதான் கடல்.

நாங்கள் எந்தப் பக்கமாகப் போவது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது, நம் கிடங்குக் காதர் பாய் தெலுக் பாஹாங்கை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். வேலாயுதம் மூஞ்சியைப் பார்க்க வேண்டுமே... ஊரே போனது போல உட்கார்ந்திருந்தான். இன்னொரு ரொட்டி வாங்கி வைத்த பிறகுதான் பிளான் நகர்ந்தது.

வெயிலுக்கு முன்னால் மலை ஏறிவிட வேண்டும், அதனால் வடக்குப் பக்கமாகத்தான் போக வேண்டும் என்று கடைசியில் அவன் பேச்சே ஜெயித்தது. அது சரியான பிளான். அதை இன்றைக்கு ஒத்துக்கொள்கிறேன்.

ஏற்றத்தில் யார் ஓட்டினார்கள்? எல்லாரும் தள்ளினோம். மேலே குரங்கு, காலில் அட்டை, முன்னால் வேலாயுதத்தின் பாட்டு. அட்டையே தேவலை என்றார் காதர் பாய்.

இறக்கத்துக்கு பிரேக் மட்டும் போதாதே... பின்னால் ஒரு மரக்கிளையைக் கட்டி இழுத்துக்கொண்டே இறங்கினோம். அடிவாரம் வந்ததும் எல்லாரும் அவிழ்த்துப் போட்டோம். இவனைத் தவிர.

பெல்லை அடித்துக்கொண்டு, புழுதி கிளப்பிக்கொண்டு, ராஜா மாதிரி பாலிக் புலாவுக்குள் நுழைந்தான். ரோட்டோரம் ஒரு மளிகைக் கடை. வாசலில் பாய் விரித்துக் கிராம்பு காயப் போட்டிருந்தார்கள். கிளை அந்தப் பாயை அப்படியே கவ்விக்கொண்டு போய்விட்டது. கிராம்பெல்லாம் மண்ணில்!

கடைக்காரர் ஓடி வந்து சைக்கிளைப் பிடித்துக்கொண்டார். அத்தனையையும் பொறுக்கிக் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று சொல்லிவிட்டார். நியாயம்தானே.

உட்கார்ந்தான். கடைக்காரர் மகள் காமாட்சி முறத்தோடு எதிரில் வந்து உட்கார்ந்தாள். அவன் பொறுக்குகிற லட்சணத்தைப் பார்த்துவிட்டு அவள் சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது.

"கல்லைத்தான் எறியணும். நீங்க கிராம்பை எறியுறீங்க."

அதற்குமேல் நாங்கள் காத்திருந்து என்ன பிரயோஜனம்? கிளம்பி, தெலுக் கும்பார் வழியாக டவுனுக்கு வந்து சேர்ந்தோம். அவன் மறுநாள் போன வழியாகவே மாட்டுவண்டியில் திரும்பி வந்தான். ஆபீஸுக்கு லேட். சட்டையெல்லாம் கிராம்பு வாசம்.

அவர்கள் கல்யாணத்துக்கு நாம் எல்லாரும் போனோமே, ஞாபகம் இருக்கிறதா...

அதற்குப் பிறகு எத்தனை தடவை போனாலும் இதே கதைதான். பாலிக் புலாவ் வந்தால் மாமனார் கோப்பியோடு ரோட்டில் நிற்பார். கோப்பி சாப்பாடாகும், சாப்பாடு டுரியான் பழமாகும், பழம் தூக்கமாகும். எழுந்தால் வந்த வழியே திரும்பிவிடுவான். மறுபாதி ரோட்டை அவன் பார்த்ததே இல்லை. தீவைச் சுற்ற பிளான் போட்டவனுக்குப் பாதித் தீவுதான் தெரியும்!

ஆனால் அந்த ஆசை மட்டும் அவனை விடவே இல்லை. "அந்தப் பக்கம் எப்படிண்ணே இருக்கும்?" என்று கிடங்கில் கேட்டுக்கொண்டே இருப்பான். காதர் பாய் வாய்க்கு வந்ததை அளந்துவிடுவார். ஒரு வளைவில் நின்றால் கடலைத் தாண்டி சுமத்ரா தீவே தெரியும் என்று சொல்லி வைத்திருக்கிறார். பாவி, அதையும் நம்பினான்.

இந்த ஞாயிற்றுக்கிழமை முழு ரவுண்டும் முடித்தே தீருவேன் என்று சத்தியம் செய்திருந்தான். புது பிரேக் போட்டான். செயினுக்கு எண்ணெய் விட்டான். அதற்குள் இந்தக் காய்ச்சல்...

இன்று காலை அவன் வீட்டுக்குப் போனேன். ஞாயிறு பயணத்தை நிறுத்திவிடலாம் என்று சொல்லத்தான் போனேன். காமாட்சி எழுந்து உள்ளே போய் அவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். சீட்டின் மேல் கையை வைத்துக்கொண்டே பேசினாள்.

"இதுலயே போங்கண்ணே. எங்கப்பா கோப்பி வெச்சுக்கிட்டுக் கூப்பிடுவாரு. நிக்காதீங்க. நின்னா இவரு மறுபடி அங்கேயே உக்காந்துருவாரு."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். பிறகு அழுதாள். நானும்தான்.

ஆகவே ஞாயிறு பயணம் உண்டு. விடியும்போது கடை வாசலுக்கு வந்துவிடுங்கள். வடக்குப் பக்கமாகத்தான் போகிறோம், அவன் சொன்ன மாதிரியே.

அவன் உயரம், நான் கட்டை. பெடலுக்குக் கால் எட்டாது. பரவாயில்லை லா, உந்தி உந்திப் போய்விடுவேன்.

பாலிக் புலாவில் யாரும் பிரேக் பிடிக்காதீர்கள். மாமனாரிடம் நான் பிறகு போய் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

காதர் பாய், அந்த சுமத்ரா வளைவு எது என்று அன்றைக்கு நீங்கள்தான் காட்ட வேண்டும்.

வாடா வேலாயுதம்... மறுபாதிக்குப் போவோம்.