குழாய்த் தண்ணீருக்கு வந்த சர்க்கரை வியாதி

எங்கள் பெண்ணின் கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கையில் என் கணவருக்குச் சர்க்கரை வியாதி என்று பரிசோதனைச் சீட்டு வந்தது. சிறுநீரில் சர்க்கரை இருந்தால், நீல மருந்தோடு சேர்த்துக் காய்ச்சும்போது நிறம் மாறுமாம். அவருடையது செங்கல் நிறமாகிவிட்டதாம். பாயசமே உயிரென்று இருந்த மனுஷர் சுருண்டு படுத்துவிட்டார்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. வலியசாலை வீட்டிலிருந்து தம்பானூர்ப் பரிசோதனைக் கூடத்துக்கு நேரே போனேன். அவருடைய சிறுநீரைக் கொடுத்தனுப்பிய எங்கள் குப்பி மேஜைமேல் காலியாக இருந்தது. அதில் அங்கிருந்த குழாய்த் தண்ணீரைப் பிடித்து, இதையும் காய்ச்சும்படி பிடிவாதம் பிடித்தேன். அதுவும் செங்கல் நிறமானது.

"பாத்தேளா? உங்க குழாய்க்கும் வியாதியா? மருந்துதான் கெட்டுப் போயிருக்கு" என்றேன்.

பரிசோதகர் அதே குழாய்த் தண்ணீரைக் கண்ணாடித் தம்ளரில் பிடித்துக் காய்ச்சினார். நீலம் நீலமாகவே இருந்தது. பிறகு குப்பியை முகர்ந்தார்.

"மாமி, இந்தக் குப்பியில முன்ன எந்தா இருந்தது?"

"போனக்காட்டு மலைத் தேன்" என்றேன். வீட்டுப் பாத்திரம் தீட்டாகிவிடும் என்று, தேன் தீர்ந்து எறிய வைத்திருந்த குப்பியைக் கழுவாமல் கொடுத்தவள் நான்தான்.

பரிசோதகர் தந்த சுத்தமான குப்பியில் மறுபடி பார்த்ததில் கணவருக்கு ஒன்றுமில்லை. கல்யாணத்தில் மூன்று தம்ளர் பாயசம் குடித்தார்.

இப்போதெல்லாம் வீட்டில் யாருக்குப் பரிசோதனை என்றாலும் வெந்நீரில் கழுவிய குப்பியோடுதான் போகிறேன். அதில் பிடித்த வெறும் தண்ணீரை முதலில் காய்ச்சிப் பார்க்கச் சொல்கிறேன்.

"தண்ணிக்கு இன்னிக்கும் சுகம்தான், மாமி" என்பார் பரிசோதகர்.